வார்ப்பிரும்பு புல்லட்டின் இன்ஜின் வேலை: கம்பெனியா, லேத்தா, மாற்று இன்ஜினா?

வண்டி புகை அடிக்கிறது. ஏற்றத்தில் முன்போல இழுக்கவில்லை. ஆயில் குறைந்துகொண்டே வருகிறது. மெக்கானிக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "இன்ஜினை இறக்கணும் சார்" என்கிறார். பழைய புல்லட் வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்த நாள் ஒருமுறையாவது வரும். அப்போது முன்னால் நான்கு வழிகள் நிற்கும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டு முழுசாகச் செய்வது. பழைய புல்லட் மெக்கானிக்கிடம் கொடுத்து லேத்தில் போர் அடித்து, அதாவது பிஸ்டன் ஓடும் துளையைக் கடைந்து, கட்டுவது. சென்னைப் புதுப்பேட்டை மாதிரி பழைய பாகம் விற்கும் இடத்தில் ஓடிய இன்ஜின் ஒன்றைப் பார்த்து வாங்கி மாட்டுவது. அல்லது வண்டியை விற்றுவிட்டுப் புதிது எடுப்பது.

நான் பேசுவது 350 சிசி வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டைப் பற்றி மட்டும். 1955-இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியதிலிருந்து, 2010 வாக்கில், இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் அமைந்த புதிய யூனிட் கன்ஸ்ட்ரக்‌ஷன் இன்ஜின் முழுமையாக இடத்தைப் பிடிக்கும் வரை, அடிப்படை மாறாமல் வந்த இன்ஜின் இது. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 346 சிசி. இன்ஜின் தனி, கியர்பாக்ஸ் தனி. ஹெட் அலுமினியம், பிளாக் (சிலிண்டர்) முழுக்க வார்ப்பிரும்பு. பிளாக் இரும்பாக இருப்பதால் அதைப் பல முறை கடைந்து அடுத்தடுத்த அளவு பிஸ்டன் போடலாம். ஃப்ளைவீலைப் பிரித்துக் கிராங்க் பின்னை மாற்றலாம். வால்வு கைடைத் தட்டி எடுத்துப் புதிது இறக்கலாம். தேய்ந்தால் தூக்கிப் போடு என்ற எண்ணத்தில் வடிவமைத்த இன்ஜின் அல்ல இது.

என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். அளந்து பார்க்கும் முன் எந்த வழியையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். அளந்த பிறகு, இந்த இன்ஜினுக்கு நல்ல தனி மெக்கானிக்கும் நல்ல லேத்தும்தான் முதல் தேர்வு. அதைவிட முக்கியமாக, உங்கள் சொந்த கிராங்க் கேஸை (இன்ஜினின் கீழ்க் கூடு) எந்தக் காரணத்துக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இறக்கத்தான் வேண்டுமா?

புகை வந்தாலே பிஸ்டன் ரிங் போய்விட்டது என்று முடிவு கட்டுவது இந்த வண்டிக்குச் செய்யும் பெரிய அநியாயம். இந்த இன்ஜினில் ஆயில் டேங்க் தனியாகத் தொங்குவதில்லை. கிராங்க் கேஸ் வார்ப்புக்குள்ளேயே ஒரு அறையில் ஆயில் இருக்கிறது. வண்டி பல நாள் சும்மா நின்றால் அந்த ஆயில் பம்ப் வழியாக மெல்ல இறங்கி ஃப்ளைவீல் சுற்றும் அறைக்குள் சேர்ந்துவிடும். ஸ்டார்ட் செய்த சில நிமிடம் சைலன்சரில் புகை மண்டும். பம்ப் அந்த ஆயிலைத் திரும்ப எடுத்ததும் நின்றுவிடும். இதற்கு இன்ஜினை இறக்கவே வேண்டாம்.

நின்றுபோகாத நீலப் புகைதான் கவலைக்குரியது. அதிலும் எப்போது வருகிறது என்று பாருங்கள். ஆக்சிலேட்டரை முறுக்கும்போதெல்லாம் வந்தால் ரிங்கும் போரும் சந்தேகம். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடிக்கொண்டு வந்து, கீழே மறுபடி திறக்கும்போது ஒரு குபுக்கென்று வந்தால் வால்வு கைடு. இரண்டாவது வெறும் ஹெட் வேலை; செலவும் நாளும் மிகக் குறைவு. கிராங்க் கேஸின் காற்றை வெளியே விடும் பிரீதர் குழாயையும் பாருங்கள். இன்ஜின் சூடான பிறகு அதிலிருந்து புகையும் ஆயிலும் தொடர்ந்து தள்ளினால், எரியும் வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே போகிறது என்று பொருள்.

கம்ப்ரெஷன் பார்க்க இந்த வண்டியில் கருவியே தேவையில்லை என்பார்கள் பழையவர்கள். கம்ப்ரெஷன் தடுக்கும் இடம் வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, அங்கே உடல் பாரத்தைக் கொடுத்து நிற்க வேண்டும். நல்ல இன்ஜின் தாங்கி நிற்கும். தேய்ந்தது உஸ்ஸென்று இறங்கிவிடும். ஆனால் கிக் அடிக்கும்போது அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரெஸர் வால்வு சரியாக உட்காராமல் கசிந்தாலும் இதே போலத்தான் இறங்கும். ஆகவே ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றி, நாலைந்து முறை கிக்கரைச் சுற்றிவிட்டு மறுபடி பாருங்கள். கம்ப்ரெஷன் ஏறினால் குறை ரிங்கிலும் போரிலும். ஏறவில்லை என்றால் வால்வு, டீகம்ப்ரெஸர், ஹெட் பேக்கிங் ஆகிய மூன்றில் ஒன்று.

இவ்வளவையும் உங்கள் வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம். இதைப் பார்க்காமல் "ஃபுல் இன்ஜின் வேலை" என்று எஸ்டிமேட் எழுதுபவர் கம்பெனிக்காரராக இருந்தாலும் தெருமுனைக்காரராக இருந்தாலும் அவரிடம் வண்டியை விட வேண்டாம்.

மேல் வேலை மட்டுமா, கீழேயுமா?

பணம் ஏறுவதும் இறங்குவதும் இந்த ஒரு கேள்வியில்தான். மேல் வேலை என்றால் ஹெட், வால்வு, பிளாக், பிஸ்டன். இன்ஜின் சேஸிலேயே இருக்கும். பிளாக்கை மட்டும் உருவி எடுத்தால் போதும். கீழ் வேலை என்றால் இன்ஜினைச் சேஸிலிருந்து இறக்கி, கேஸைப் பிளந்து, கிராங்கை வெளியே எடுத்து, கனெக்டிங் ராட் கிட், மெயின் பேரிங், ஆயில் பம்ப் எல்லாவற்றையும் பார்ப்பது. கூலி, பொருள் இரண்டும் கூடும். நாளும் கூடும்.

மேலே மட்டும் செய்து முடித்துக்கொள்ளலாம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் தேய்ந்த கீழ்ப் பகுதியின் மேல் புது பிஸ்டனை வைத்தால் நடப்பது வேறு. தளர்ந்த ரிங் இருந்தவரை வாயு கசிந்து, கனெக்டிங் ராட் மேல் விழும் அடி குறைவாக இருந்தது. புது ரிங் முழு அழுத்தத்தையும் பிடித்துக் கீழே இறக்குகிறது. ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் பிக் எண்டு (கனெக்டிங் ராடின் கீழ் முனை) சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் சத்தம் போடத் தொடங்கும். அப்போது மறுபடியும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். மேல் வேலைக்குக் கொடுத்த கூலி வீண். "மேலே டைட் பண்ணினா கீழே போயிடும்" என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான்.

அதனால் பிளாக்கைக் கழற்றிய உடனே, புது பிஸ்டன் வாங்க ஓடும் முன், கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் அருகில் நின்று பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் நகரும். அது இருக்க வேண்டியது. ஆனால் செங்குத்தாக, சுற்றுப்பாதையின் உச்சியில் ராடை வைத்து இழுக்கும்போது டக்கென்று ஒரு ஆட்டம் கையில் தெரிந்தால் கேஸைப் பிளந்தே ஆக வேண்டும். அதில் பேரம் இல்லை. கையில் ஒன்றும் தெரியவில்லை, ஓட்டும்போதும் பளு ஏறும் நேரத்தில் அடிவயிற்றிலிருந்து வரும் கனத்த தட்டல் இல்லை, ஆயில் சுழற்சியும் நன்றாக இருக்கிறது என்றால் மேல் வேலையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஆயில் சுழற்சியைப் பார்க்க எளிய வழி, இன்ஜின் ஓடும்போது, ஹெட்டில் வால்வை அழுத்தும் ராக்கருக்குப் போகும் ஆயில் பைப்பின் போல்ட்டை லேசாகத் தளர்த்துவது. ஆயில் கசிந்து வர வேண்டும். ஆனால் அது ஆயில் திரும்பி வருவதை மட்டுமே காட்டுகிறது. பிக் எண்டுக்கு ஆயில் போகும் பாதை வேறு: டைமிங் கவரிலிருந்து கிராங்க் முனைக்குள் நுழைகிறது, நுழையும் இடத்தில் ஒரு சிறு கார்க் சீல் அடைத்து நிற்கிறது. அந்தச் சீல் காய்ந்து சுருங்கினால், கிராங்குக்குள் போக வேண்டிய ஆயில் வெளியிலேயே வழிந்துவிடும். ராக்கரில் ஆயில் நன்றாக வந்துகொண்டிருக்கும். பிக் எண்டோ பட்டினி கிடக்கும். டைமிங் கவரைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இந்தச் சீலைப் புதிதாகப் போடுங்கள். டீக் காசுக்குக் கிடைக்கும் பொருளுக்காக ஒரு கிராங்கை இழப்பது கொடுமை.

கம்பெனியில் கொடுத்தால்

வெளிநாட்டில் ஹார்லி டேவிட்சன் போன்ற கம்பெனி, டீலர் வழியாகப் பழைய இன்ஜினை வாங்கிக்கொண்டு தொழிற்சாலையிலேயே புதுப்பித்துத் தரும் திட்டம் நடத்தியதுண்டு. நம்மூரில் "கம்பெனியில் கொடுப்பது" என்றால் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர்தான். இந்த வித்தியாசம் பலருக்கு மனதில் இருப்பதில்லை. இன்ஜின் தொழிற்சாலைக்குப் போவதில்லை; அங்கே வேலை செய்யும் ஒருவர் கையில்தான் போகிறது.

நன்மைகள் உண்மையானவை. பில் உண்டு. அசல் ஸ்பேர் என்பதில் ஐயம் இல்லை. எஸ்டிமேட்டை முன்னாலேயே எழுத்தில் வாங்கலாம். செய்த வேலைக்கு உத்தரவாதம் கேட்க ஒரு மேனேஜர் இருக்கிறார். இதே கேள்வியை 2010-க்குப் பிந்தைய யூனிட் கன்ஸ்ட்ரக்‌ஷன் இன்ஜினுக்கோ, 2020-இல் மீட்டியரோடு வந்த புதிய 350 இன்ஜினுக்கோ கேட்டிருந்தால் யோசிக்காமல் கம்பெனிக்கே போகச் சொல்வேன். அவற்றுக்கான தனிக் கருவிகளும், பயிற்சியும், ஸ்பேரும் அங்கேதான் இருக்கின்றன.

வார்ப்பிரும்பு இன்ஜினுக்கு நிலைமை தலைகீழ். இன்று சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கும் இளைஞர்களில் பலர் இந்த இன்ஜின் உற்பத்தி நின்ற பிறகு தொழிலுக்கு வந்தவர்கள். பாயிண்ட் கேப் வைப்பது, புஷ் ராட் கையில் சுழலும் அளவுக்கு அடியில் டாப்பெட் அட்ஜஸ்ட் செய்வது, இவையெல்லாம் தினம் செய்தால்தான் கைவரும். குறை அவர்கள் மேல் இல்லை. அவர்கள் முன்னால் வரும் வண்டிகள் வேறு. அடுத்தது, சர்வீஸ் சென்டரின் வேலைமுறை பழுதான பாகத்தை மாற்றுவது. கடைவதும் நேர்படுத்துவதும் அதற்குள் அடங்குவதில்லை. பழைய பாகம் ஸ்டாக்கில் இல்லையென்றால் வண்டி காத்திருக்கும். போர் அடிக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் பிளாக் வெளி லேத்துக்குத்தான் போகும். எந்த லேத் என்பது மட்டும் உங்களுக்குத் தெரியாது.

விதிவிலக்கும் உண்டு. வார்ப்பிரும்பு காலத்திலிருந்தே இருக்கும் ஒரு சீனியர் மெக்கானிக் சில பழைய டீலர்ஷிப்களில் இன்னும் இருப்பார். அப்படி ஒருவர் உங்கள் ஊரில் இருந்து, வேலையை அவரே செய்வார் என்று சொல்லப்பட்டால், கம்பெனியே சிறந்த வழி. விசாரிக்க வேண்டியது ஒரே கேள்வி: "கடைசியா எப்ப ஒரு பழைய இன்ஜின் பிரிச்சீங்க?"

மெக்கானிக்கும் லேத்தும்

இங்கே நல்லது கெட்டது இரண்டும் மனிதரைப் பொறுத்தது. ஆகவே இந்த வழியை எடுப்பவர் வண்டியை விட்டுவிட்டு வந்துவிட முடியாது. கூட நிற்க வேண்டும்.

முதலில் பிளாக்கை அளக்க வேண்டும். டயல் போர் கேஜ் வைத்து மேலே, நடுவே, கீழே என மூன்று உயரத்திலும், முன்பின்னாக ஒருமுறை, பக்கவாட்டில் ஒருமுறை. ரிங் மேலே திரும்பும் இடத்தில் தேய்மானம் அதிகமாக இருக்கும். அடியில் ரிங் தொடாத பகுதியோடு ஒப்பிட்டால் எவ்வளவு தேய்ந்தது என்று தெரியும். விரலை விட்டுத் தடவிப் பார்த்து "அடுத்த சைஸ் போட்டுடலாம்" என்று சொல்லும் லேத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

பிஸ்டன் சைஸ் கணக்கு இன்னும் அங்குலத்தில்தான் ஓடுகிறது. பத்து சைஸ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து, ஏறத்தாழ 0.25 மி.மீ. அடுத்து இருபது, முப்பது, நாற்பது. நாற்பது என்றால் போர் சுமார் ஒரு மி.மீ. கூடிவிட்டது. ஸ்டாண்டர்டிலிருந்து நேராக நாற்பதுக்குப் போகும் மெக்கானிக் உங்கள் பிளாக்கின் மூன்று வாழ்க்கையை ஒரே நாளில் செலவழிக்கிறார். கீறல் போகும் அளவுக்கு மட்டும், மிகச் சிறிய அடுத்த சைஸைக் கேளுங்கள். நாற்பதும் தேய்ந்துவிட்டால் பிளாக்கில் ஸ்லீவ் (உள்குழாய்) இறக்கி மறுபடி ஸ்டாண்டர்டுக்குக் கொண்டுவரலாம், அல்லது வேறு பிளாக் வாங்கலாம். நல்ல பிளாக் கிடைத்தால் நான் அதையே விரும்புவேன். ஸ்லீவுக்கும் பிளாக்குக்கும் இடையில் சிறு இடைவெளி இருந்தாலும் சூடு வெளியேறாது. காற்றில் குளிரும் இன்ஜினுக்கு அது ஆபத்து.

பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டுதான் பிளாக்கை லேத்தில் கொடுக்க வேண்டும். ஒரே சைஸ் எழுதிய இரண்டு பிஸ்டன்களுக்கு இடையிலும் நுண்ணிய வித்தியாசம் இருக்கும். கடைபவர் அந்தப் பிஸ்டனின் ஸ்கர்ட்டை (கீழ்ப் பக்கச் சுவர்) மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கேற்ற இடைவெளி விட்டுக் கடைந்து, கடைசியாகக் கல்லால் தேய்க்கும் ஹோனிங் செய்ய வேண்டும். ஹோனிங் முடிந்த சுவரில் குறுக்குமறுக்காகக் கோடுகள் தெரியும். ஆயில் தங்குவது அந்தக் கோடுகளில்தான். கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தால் திருப்பிக் கொடுங்கள். வார்ப்பிரும்பு புல்லட்டில் நீண்ட ஓட்டத்தில் பிஸ்டன் ஜாம் ஆவதற்கு அவசரமான, இறுக்கமான போரிங் ஒரு முக்கியக் காரணம். தள்ளிப்போன டைமிங்கும், பெட்ரோல் குறைவாக வைத்த கார்புரேட்டரும் மற்றவை.

கிராங்க் வேலை வந்தால் கேட்க வேண்டியது, ஃப்ளைவீலைக் கூட்டிய பிறகு இரண்டு முனைகளையும் சென்டரில் தாங்கி டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்ப்பார்களா என்பது. முள் எவ்வளவு ஆடுகிறது என்று நீங்களே பாருங்கள். கோணலாகக் கூட்டிய கிராங்க் ஹேண்டில்பாரிலும் ஃபுட்ரெஸ்டிலும் நடுக்கமாக வெளிவரும், புது மெயின் பேரிங்கையும் சீக்கிரம் தின்றுவிடும். பழைய வண்டிகளில் பிக் எண்டில் மிதக்கும் புஷ் இருக்கும்; ரோலர் பேரிங் வைத்த ராட் கிட்டும் கடைகளில் உண்டு. ஊருக்குள் மெதுவாக ஓட்டி, ஆயிலை நேரத்துக்கு மாற்றுபவருக்குப் புஷ்ஷே போதும், அமைதியாகவும் ஓடும். நெடுஞ்சாலையில் அதிகம் போகிறவர் ரோலருக்கு மாறுவது நல்லது.

ஸ்பேரில்தான் இந்த வழியின் பலவீனம். அசல் பெட்டி மாதிரியே அச்சடித்த பெட்டியில் வரும் மட்டமான பொருள் ஏராளம். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் போனால் ஒரே பிஸ்டனுக்கு மூன்று நான்கு விலை சொல்வார்கள். பிஸ்டன், ரிங், ராட் கிட், பேரிங் ஆகியவற்றில் பேர் பெற்ற கம்பெனி பொருளை மட்டும் நீங்களே போய் பில்லோடு வாங்கிக் கொடுங்கள். பேக்கிங், நட்டு, போல்ட்டை மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம்.

மாற்று இன்ஜின்

கேட்க மிகவும் எளிதாக இருக்கும்: இறக்கு, ஏற்று, அன்று மாலையே ஓட்டு. என் கருத்தில் நான்கில் மோசமான வழி இதுதான்.

இன்ஜின் நம்பர் கிராங்க் கேஸில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆர்.சி.யில் இருப்பதும் அந்த நம்பர்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அதே ரக இன்ஜின் போட்டாலும் ஆர்.டி.ஓ. அலுவலக ஒப்புதல் பெற்றுப் பதிவில் ஏற்ற வேண்டும். அதற்கு அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்குத் தாள் வேண்டும். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் இன்ஜினுக்குப் பெரும்பாலும் அது இருக்காது. திருட்டு வண்டியுடையதாகவும் இருக்கலாம். வார்ப்பிரும்பு புல்லட் எல்லாமே இப்போது 15 வருடப் பதிவைத் தாண்டியவை, அல்லது தாண்டப்போகிறவை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப் போகும்போது நம்பரைத் தேய்த்துப் பார்ப்பார்கள். விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸும் அதையே பார்க்கும்.

சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும், அந்த இன்ஜினுக்குள் எந்த நிலை என்று திறக்காமல் தெரியாது. திறந்து செய்வதென்றால் உங்களுடையதையே செய்யலாமே. பழைய கடையிலிருந்து வாங்கத் தகுந்தது பாகங்கள்தான்: நல்ல பிளாக், விரிசல் இல்லாத ஹெட், தேயாத ஆயில் பம்ப். இன்ஜின் நம்பர் இல்லாத எதையும் தாராளமாக வாங்கலாம். உங்கள் கேஸில் பேரிங் உட்காரும் இடம் தளர்ந்திருந்தாலும் நல்ல லேத்தில் புஷ் போட்டுச் சரிசெய்ய முடியும். கேஸ் உடைந்தே போனால் மட்டும் முறைப்படி மாற்றிப் பதிவு செய்வதைப் பற்றி யோசியுங்கள்.

விற்பது

ஸ்பிளெண்டர் மாதிரி 100 சிசி வண்டியாக இருந்தால் இந்தக் கட்டுரைக்கே இடமில்லை. கம்பெனி பிளாக் பிஸ்டன் கிட் வாங்கி மாட்டிவிட்டுப் போகலாம். வண்டியின் விலைக்கு மேல் செலவு போனால் விற்றுவிடலாம். புல்லட்டில் கணக்கு அப்படி வராது. புது 350 இன்று சாலைக்கு வரும்போது இரண்டு லட்சம் அளவில் நிற்கிறது. மேலும் கீழும் சேர்த்து ஒழுங்காகச் செய்தாலும் அதில் சிறு பங்குதான் ஆகும். நல்ல இன்ஜினோடு நிற்கும் வார்ப்பிரும்பு வண்டிக்கு வாங்க ஆள் வரிசையில் இருக்கிறார்கள். புகை அடிக்கும் வண்டியை அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள். தினமும் வேலைக்குப் போக ஒரே வண்டி அதுதான், பட்டன் ஸ்டார்ட்டும் டிஸ்க் பிரேக்கும் கட்டாயம் வேண்டும் என்பவர் விற்பதில் தவறே இல்லை. அப்படி விற்பவர் வேலை செய்யாமல் உள்ளதை உள்ளபடி சொல்லி விற்பது நல்லது. வாங்குகிறவர் தன் மெக்கானிக்கை வைத்துச் செய்துகொள்வார்.

செய்து முடித்த வண்டியை எடுக்கப் போகும்போது பழைய பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். முதல் 500 கிலோமீட்டருக்கு 50-க்குள் ஓட்டுங்கள், ஆனால் ஒரே வேகத்தில் பிடித்துக்கொண்டே போக வேண்டாம். ஏற்றி இறக்கி ஓட்டினால்தான் ரிங் போரில் சரியாக அமரும். டாப் கியரில் இன்ஜினைத் திணறவிடுவதும் கூடாது. அந்த 500 முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, சிலிண்டர் ஹெட் நட்டுகளை இன்ஜின் ஆறிய நிலையில் ஒருமுறை இறுக்கச் சொல்லி, டாப்பெட் பாருங்கள். போட்ட பிஸ்டன் எந்த சைஸ், எந்த லேத்தில் கடைந்தது, எந்தக் கிலோமீட்டரில் என்று ஆர்.சி. நகலின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த முறை பிளாக்கைக் கழற்றுபவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.